டயல் டோன் சொல்லும் சேதி

லேண்ட்லைன் ரிசீவரை எடுத்ததும் கேட்கும் 'கொர்ர்' ஒலிதான் டயல் டோன். இது பிறந்ததற்கு ஒரு தொழில்காரரின் மனக்குறையும் காரணம்.

முன்பெல்லாம் ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டர் நம்பர் கேட்டு இணைப்புத் தருவார். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பப்படுவதாகச் சந்தேகப்பட்டார் என்பார்கள். ஆபரேட்டரே இல்லாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் காப்புரிமை பெற்றார். 1892-ல் இந்தியானா மாநிலம் லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியது.

ஆள் இல்லாத இடத்தில் 'நம்பர் சொல்லுங்கள்' என்று யார் கேட்பது? அதற்காகப் பின்னாளில் வந்ததே டயல் டோன்.

ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து நம் லைனில் மின்சாரம் ஓடும். அதை அறிந்த எக்ஸ்சேஞ்ச், நம்பரை வாங்கும் கருவியை நம் லைனில் சேர்த்துவிட்டு டோன் அனுப்பும். நம் நாட்டில் இது சற்றே அதிரும் 400 ஹெர்ட்ஸ் ஒலி. முதல் எண்ணைப் போட்டதும் நின்றுவிடும். பழைய எக்ஸ்சேஞ்சுகளில் டோன் வருமுன் அவசரப்பட்டுச் சுழற்றினால் முதல் எண் வீணாகி, ராங் நம்பருக்குப் போகும்.

செல்போனில் நம்பர் முழுவதையும் அடித்த பிறகே அனுப்புவதால் டோன் தேவைப்படவில்லை.

கடையில் இன்னும் பழைய கம்பி லைன் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: டோன் கேட்டால், எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி சரியாக இருக்கிறது என்று பொருள்.