கொழுப்பை விழுங்கும் வெள்ளணுக்கள்

நெஞ்சுவலியோடு போனவருக்கு ஆஞ்சியோ எடுத்து முடித்ததும், வெளியே காத்திருக்கும் வீட்டாரிடம் மருத்துவர் முதலில் சொல்வது ‘அடைப்பு இருக்கு’ என்பதைத்தான். பூம்புகார்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தூர் வாராத வாய்க்காலில் மண் மேடிட்டு, தண்ணீர் வயலுக்கு ஏறாமல் நின்றுபோவதை அவர் வருடந்தோறும் பார்க்கிறார். எண்ணெயும் நெய்யும் சேரச் சேர ரத்தக்குழாயிலும் அப்படித்தான் படிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். மருத்துவ உலகத்தில் பெரும்பாலோரும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

ஆனால் இந்த நோய் தண்ணீர் ஓடும் பாதையில் படியும் மண் அல்ல, கரைக்குள்ளேயே வளர்வது. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உட்படலத்துக்கும் தமனியின் தசைச்சுவருக்கும் நடுவில் குறுகலான ஓர் அடுக்கு இருக்கிறது. கொழுப்பு சேர்வது அங்கே. அதைத் திட்டாக வளர்ப்பதில் கொழுப்புக்கு எவ்வளவு பங்கோ, நம்மைக் காக்க வந்த வெள்ளணுக்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

தமனி கிளை பிரியும் இடத்திலும் வளைகிற இடத்திலும் ரத்தவோட்டம் சுழித்துத் தடுமாறும். அங்கே உட்படலம் இளகிக்கொடுக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்கள் அதன் வழியே உள்ளே போய், சுவரின் இழைகளில் சிக்கி, ஆக்சிஜனோடு வினைபுரிந்து உருமாறுகின்றன. உடனே உட்படலச் செல்கள் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை வெளியே நீட்டுகின்றன. ரத்தத்தோடு போய்க்கொண்டிருந்த மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் அவற்றின் மேல் உருண்டு, ஒட்டி, சுவருக்குள் நுழைந்து, மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன. கிருமி, செத்த செல், கழிவு என எது கிடைத்தாலும் விழுங்குவது மேக்ரோபேஜின் தொழில். ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ் 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திரமீன் குஞ்சுகளில் இந்த விழுங்கும் செல்களைக் கண்டார். அதற்காக 1908இல் நோபல் பரிசும் பெற்றார்.

இந்த விழுங்கலுக்கு இங்கே எல்லை இல்லை என்பதுதான் சிக்கல். உடம்பின் மற்ற செல்கள் எல்.டி.எல்.லை வாங்கத் தனி ஏற்பிகளை வைத்திருக்கின்றன. தேவையான அளவு கொலஸ்ட்ரால் உள்ளே வந்ததும் அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் இதைக் கண்டறிந்தார்கள். 1985 நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. உருமாறிய எல்.டி.எல்.லை மேக்ரோபேஜ் வேறொரு வகை ஏற்பியால் வாங்குகிறது என்பதையும் 1979இல் அவர்களே காட்டினார்கள். அந்த ஏற்பி ‘போதும்’ என்று நிறுத்துவதே இல்லை. விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் நுரை பொங்கியதுபோலத் தெரியும் அளவுக்குச் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைகின்றன. இவற்றுக்கு நுரைச்செல்கள் என்றே பெயர். அவை அங்கேயே செத்து விழுகின்றன. செத்ததை அள்ளுவதும் மேக்ரோபேஜின் வேலைதான். ஆனால் அள்ள வந்தவையும் அதே நிலைக்கு ஆளாக, திட்டின் நடுவில் கொழகொழப்பான கழிவுக்குழம்பு சேர்கிறது.

இது முதுமையில் தொடங்குவதும் இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த முடிவுகள் 1953இல் வெளிவந்தன. வீரர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்களின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் இருந்தது.

திட்டு முற்றும்போது தசைச் செல்கள் மேலேறி வந்து, நார்ப்புரதத்தால் அதற்கு மூடி போடுகின்றன. சுண்ணாம்பும் படிந்து சுவர் இறுகுகிறது. மூடி தடித்திருக்கும் வரை ஆபத்து குறைவு. ஆனால் உள்ளிருக்கும் மேக்ரோபேஜ்கள் அந்த நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. டி செல்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்கள் புது நார் உருவாவதைத் தடுக்கின்றன. ஒருநாள் மூடி கிழிகிறது. உள்ளிருக்கும் குழம்பு ரத்தத்தைத் தொட்ட நிமிடத்தில் ரத்தம் உறைந்து தமனியை மூடிவிடுகிறது. பல மாரடைப்புகளில், கிழிந்த திட்டு அதற்கு முன் பாதையைப் பாதி அளவுக்குக்கூட அடைத்திருக்காது. நேற்று வரை வயலில் வேலை பார்த்தவர் இன்று எப்படி விழுந்தார் என்று ஊர் கேட்கிறதே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் பதில். மண் மேடிட்டு வாய்க்கால் நின்றதல்ல, கரை உடைந்தது.

2010இல் இன்னொரு கண்ணி தெரியவந்தது. நுரைச்செல்லுக்குள் தேங்கும் கொலஸ்ட்ரால் ஊசிபோன்ற படிகங்களாகிறது. அவை செல்லுக்குள் ஒரு புரதக் கூட்டமைப்பை உசுப்பிவிட, அது இன்டர்லூகின்-1பீட்டா என்னும் அழற்சிப் புரதத்தைக் கிளப்புகிறது. அந்தப் புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தால் என்ன? மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரை வைத்து கனகினுமாப் என்ற ஊசிமருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. 150 மில்லிகிராம் அளவில், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. எல்.டி.எல். அளவு குறையவே இல்லை! கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தே பலன் கிடைக்கும் என்பதற்கு மனிதர்களில் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. விலையும் மிக அதிகம். இதயத்துக்கான மருந்தாக அது வரவில்லை.

அடுத்து ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுத்த மருந்து நம் மண்ணுக்குப் பழக்கமானது. பூம்புகாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி வேதாரண்யம் போனால் செங்காந்தளைப் பயிராகவே பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலர். விவசாயிகள் வாயில் கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமும் விளைகிறது. காய் பிடிக்க வேண்டுமென்று காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். அந்த உழைப்பெல்லாம் விதைக்காக. விதையில் இருப்பது கோல்ச்சிசின். யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மலிவான மருந்து.

வெள்ளணு ஊர்ந்து போவதற்கும், மேற்சொன்ன புரதக் கூட்டமைப்பு ஒன்றுசேர்வதற்கும் செல்லுக்குள் நுண்குழல்கள் தேவை. கோல்ச்சிசின் அந்தக் குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. தினமும் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேரில் ஆபத்து 23 சதவீதம் குறைந்ததாக 2019இலும், நாள்பட்ட இதயநோயாளிகள் 5,522 பேரில் 31 சதவீதம் குறைந்ததாக 2020இலும் முடிவுகள் வந்தன. 2023 ஜூனில் அமெரிக்கா இதய நோய்க்கு இதை அனுமதித்தது. ஆனால் 2024இல், மாரடைப்பு வந்ததும் தொடங்கி ஏழாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்கு இது மாற்றும் அல்ல. அதோடு சேர்த்துத் தருவது.

இதைப் படித்துவிட்டு யாரும் வேலியில் படர்ந்திருக்கும் கிழங்கைத் தோண்டிவிடக் கூடாது. செல் பிரிவதற்கும் அதே நுண்குழல்கள்தான் வேண்டும்; அளவு மீறினால் குடலும் எலும்பு மஜ்ஜையும் செயலிழக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிரே போய்விடும். கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மாத்திரையாகவே எடுத்தாலும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பிலேயே தங்கி நஞ்சாகும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தாலும் அப்படியே. ஏற்கனவே கோல்ச்சிசின் எடுப்பவர்கள், சளிக்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது அந்த மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.