ஆச்சிக்குப் பார்வை கிடைக்க மூன்று கை சேரணும்!

"வயசாயிட்டா கண்ணு மங்கத்தானே செய்யும்?" உங்கள் வீட்டு ஆச்சியும் இப்படிச் சொல்கிறாரா? விட்டுவிடாதீர்கள். அது கண்புரையாக இருந்தால், அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும்.

சரி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நெல்லைக்கு யார் கூட்டிப் போவது? ஒருநாள் கூலி போய்விடுமே! இங்கேதான் கண் சிகிச்சை முகாம் கைகொடுக்கிறது.

முகாமை ஒருவரே நடத்துவதில்லை. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் அரசின் கை. இலவச அறுவை சிகிச்சை செய்யும் தொண்டு மருத்துவமனைக்கு அது மானியம் தருகிறது. இரண்டாவது கை மருத்துவமனை. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-ல் நெல்லைக்கும் வந்தது. மூன்றாவது கை ரோட்டரி, லயன்ஸ், ஊர் இளைஞர் மன்றம். இடம் பிடிப்பது, நோட்டீஸ் கொடுப்பது, வீடு வீடாகச் சொல்வது எல்லாம் இவர்கள் வேலை.

முகாமில் பரிசோதனை மட்டும்தான். அறுவை சிகிச்சை மருத்துவமனையில். பஸ், சாப்பாடு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எல்லாம் இலவசம்.

இவ்வளவு இருந்தும் சிலர் பஸ் ஏறுவதில்லை. "ஆபரேஷனா? வேண்டாம்மா!" என்ற பயம். அங்கேதான் நாலாவது கை வேண்டும். அது உங்கள் கை. ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்ததும் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மங்கலுக்கெல்லாம் புரைதான் காரணம் என்றில்லை. கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. அதனால் அடுத்த முகாமுக்கு நீங்களும் ஆச்சியோடு போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்களேன்!