கைப்பிடி: நிறத்துக்கு முன் உலோகம்

வீடு கட்டும் வேளை – 17

கதவு மரத்தைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். கதவை நிலையில் மாட்டும்போது ஆசாரி அடுத்துக் கேட்பது கீல், கைப்பிடி, தாழ்ப்பாள். ஹார்டுவேர் கடையில் பலகை முழுக்க மாட்டி வைத்திருப்பார்கள்: ஆன்டிக், ரோஸ் கோல்டு, சாட்டின், மேட் பிளாக். கதவின் நிறத்தோடு எது சேரும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். நிறத்தைக் கடைசியில் பாருங்கள் என்பேன். அடியில் இருப்பது எந்த உலோகம், அந்தக் கதவு எந்தக் காற்றில் நிற்கப்போகிறது என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

திருவான்மியூர், நீலாங்கரை என்று கடலோரம் வீடு கட்டுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். விலை குறைந்த கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மேலே நிக்கல், குரோமிய முலாம். முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பு ஈரம் அவற்றின் வழியே இறங்கித் துத்தநாகத்தை அரிக்கும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி முலாமைத் தூக்கிவிட, கைப்பிடி கொப்பளித்து உரியும். அதன் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியின் உட்புறம், திருகு ஏறும் இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெளிறிய சாம்பலாக இருந்தால் துத்தநாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அளவில் திடமாக வார்த்த இரண்டைக் கையில் தூக்கினால் பித்தளை கனமாகத் தெரியும்.

துருப்பிடிக்காத எஃகிலும் கவனம் வேண்டும். ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் சொன்னால் போதாது. 202-ஆ, 304-ஆ, 316-ஆ என்று கேளுங்கள். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். உப்பைத் தாங்குவது அதனால்தான். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், கடலோரத்தில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் நம்பிவிடாதீர்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது. பில்லில் கிரேடு எண்ணை எழுதி வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது பித்தளைதான். மேலே எதுவும் பூசாத பித்தளை கறுக்கும், ஆனால் உரியாது. புளி போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் வந்துவிடும். தாமிரம் கலந்திருப்பதால் அதன் மேல் கிருமிகளும் அதிக நேரம் தங்குவதில்லை. இன்று கடையில் கிடைக்கும் பளபளப்பான பித்தளைகளில் பெரும்பாலானவற்றுக்கு லாக்கர் பூசியிருக்கும். அதைப் புளியும் நாரும் போட்டுத் தேய்க்கக் கூடாது. லாக்கர் கீறிய இடத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு ஏறும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும்.

தேய்க்கவும் வேண்டாம், கறுக்கவும் கூடாது என்பவர்களுக்கு ‘பி.வி.டி.’ ஃபினிஷ் இருக்கிறது. வெற்றிட அறைக்குள் சிர்கோனியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை இது. படலம் சில மைக்ரான்தான், ஆனால் முலாமைவிட மிகக் கடினம். பொன்நிறமும் கறுப்பும் பல வருடம் மாறாமல் நிற்கும். மேட் பிளாக்கில் பலவும் பவுடர் கோட்டிங். சாவிக்கொத்து உரசும் வாசல் கதவில் ஓரங்கள் சீக்கிரம் வெளுக்கும். படுக்கையறைக்கு அது தாராளமாகப் போதும்.

தரமான தயாரிப்பாளர்கள் உப்புத் தெளிப்புச் சோதனை மணிக்கணக்கைத் தருவார்கள். ஐரோப்பியத் தரநிலை இ.என். 1670-இல் 96 மணி நேரம் தாங்கினால் 3-ஆம் தரம், 240 என்றால் 4, 480 என்றால் 5. இத்தனை மணிக்கு இத்தனை வருடம் என்று கணக்குப் போட முடியாது. இரண்டு பொருளை ஒப்பிட உதவும். கடலோர வாசலுக்கும் பால்கனிக்கும் 4-க்குக் குறையாமல் வாங்குங்கள். பணத்தை அங்கே செலவழித்துவிட்டு உள்ளறைகளில் சிக்கனம் பிடிக்கலாம்.

திருகுகளையும் பாருங்கள். எஸ்.எஸ். கீலை இரும்புத் திருகால் முடுக்கினால் துரு வழிந்து கீலும் கதவும் கறைபடும்.

கடைசியாக ஆசிட். டைல்ஸ் வேலை முடிந்ததும் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் புகை மூடிய வீட்டுக்குள் நின்றால், 316 எஃகில்கூடப் புள்ளி விழும். கழுவல் முடிந்து, வீடு நன்றாகக் காற்றாடிய பிறகே கைப்பிடிகளை மாட்டச் சொல்லுங்கள். கீல்கள் முன்பே ஏறிவிட்டிருந்தால் ஆசிட்டே வேண்டாமென்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். அமிலம் கலக்காத டைல்ஸ் கிளீனர் கடைகளில் கிடைக்கிறது.

(தொடரும்)