பல்லின் கவசம் உருவாவது எப்படி?

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எது? எலும்பு என்று சொல்லிவிடாதீர்கள். பல்லின் மேல் பளபளக்கும் எனாமல்தான் அது. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்பு.

ஆனால் எனாமலுக்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். எனாமல் பெயர்ந்தால் மீண்டும் வளராது. காரணம், அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. இவற்றுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர்.

இந்த உயிரணுக்கள் யார் சொல் கேட்டு வேலை செய்கின்றன? அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹென் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். வழக்கத்தைவிட முன்பாகவே அவற்றின் கண்கள் திறந்தன, முன்பற்களும் முளைத்தன! இதற்குக் காரணமான புரதத்தை 1962இல் அவர் பிரித்தெடுத்தார். இத்தகைய புரதங்களே 'வளர்ச்சிக் காரணிகள்'. 1986இல் அவருக்கும் ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கடைவாய்ப்பல்லின் மொட்டுக்குள் சில உயிரணுக்கள் முடிச்சுப்போலத் திரள்கின்றன. அவை தாம் பெருகுவதில்லை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, சுற்றியுள்ளவற்றைப் பெருகச் செய்கின்றன. முடிச்சு இருந்த இடம் பல்லின் முகடாகிறது. பிறகு வேறு காரணிகளின் தூண்டுதலால் அமெலோபிளாஸ்டுகள் உருவாகி, முதலில் புரதச் சாரம் கட்டுகின்றன. பின்னர் அப்புரதம் அகற்றப்பட, அந்த இடத்தைத் தாதுப் படிகங்கள் நிரப்புகின்றன.

இந்தக் கட்டத்தில் இடையூறு நேர்ந்தால்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பாருங்கள். அங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. சிறிதளவு ஃபுளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால், புரதம் முழுமையாக அகல்வதில்லை. எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது; வெண்கோடுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அக்கறை போகாது. நீரைக் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாக, ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும்!

இதற்குத் தீர்வாக 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. கடைமடையில் எங்கள் திருநள்ளாறு பக்கம் வரை பாயும் அதே காவிரிதான் அங்கே குழாய் வழியே பிள்ளைகளின் பற்களைக் காக்கச் செல்கிறது.

ஞானப்பல் நீங்கலாக, நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ 8 வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது. உங்கள் பற்களில் அந்த வேலை முடிந்தது. இனி அவற்றைப் பேணுவதே உங்கள் கடமை. உங்கள் தம்பி தங்கையருக்கோ அது இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அவர்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.