எரிமலை வெடித்தால் பணம் உண்டு, கரையான் அரித்தால் இல்லை! வீட்டு இன்சூரன்ஸ் ரகசியங்கள் தெரியுமா?

சிவகிரியில் உள்ள உங்கள் வீடு எரிமலைச் சீற்றத்தால் இடிந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். ஏவுகணைச் சோதனையால் சேதமானாலும் கிடைக்கும். அதே வீட்டின் உத்தரத்தைக் கரையான் அரித்துக் கூரை இறங்கினால் ஒரு பைசாகூடக் கிடைக்காது! நம்ப முடிகிறதா? ஆனால் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம் அப்படித்தான் சொல்கிறது.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கிறது சிவகிரி. மேற்கே காடு, காட்டில் யானை, கோடையில் காட்டுத்தீ, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, இடி, மின்னல். வண்டிக்குத் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டும் நாம், வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டுக்குக் கட்டியிருக்கிறோமா? கட்டியிருந்தாலும் அதில் எது சேரும், எது சேராது என்று படித்திருக்கிறோமா? வாருங்கள், பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம்!

வீட்டு இன்சூரன்ஸுக்கு வித்திட்டது ஒரு பெருந்தீ, தெரியுமா?

1666 செப்டம்பரில் லண்டன் நகரம் நான்கு நாள் எரிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அதன்பின் 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்போன் என்பவர் கட்டடங்களுக்குத் தீக் காப்பீடு விற்கத் தொடங்கினார். அப்போதைய கம்பெனிகள் தங்களுக்கென்று தீயணைப்புப் படையே வைத்திருந்தன! காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் உலோக முத்திரைத் தகடு பதித்திருப்பார்கள்.

இந்தியா முழுக்க ஒரே பாலிசி, தெரியுமா?

2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான்! பிரீமியம் மட்டும் மாறலாம். ஓர் ஆண்டுக்கும் எடுக்கலாம், 10 ஆண்டு வரை மொத்தமாகவும் எடுக்கலாம்.

இந்தப் பாலிசியில் சேரும் ஆபத்துகள் எவை? தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத்தீ, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது என்று பட்டியல் நீள்கிறது. மரம் சாய்ந்து சுவர் இடிந்தாலும், லாரி வந்து மோதினாலும் சேரும். மலையடிவாரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியவை காட்டுத்தீயும் நிலச்சரிவும். இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன!

திடீரென்று நடந்தால் உண்டு, மெதுவாக நடந்தால் இல்லை, தெரியுமா?

மொத்தப் பத்திரத்துக்கும் இதுதான் சாவி! எதிர்பாராமல் ஒரு நாளில் நேரும் அழிவுக்குத்தான் வீட்டுப் பாலிசி. கரையான், ஓதம், பாசி, துரு, பழமை எல்லாம் பராமரிப்புக் கணக்கு. புதுவீடு கொஞ்சம் கீழிறங்கிச் சுவரில் விரிசல் விட்டாலும் கிடையாது. தரமில்லாத கட்டுமானத்தால் தரை உள்வாங்கினாலும் கிடையாது. வாய்க்கால் உடைந்து வெள்ளம் புகுந்து அதே சுவர் சாய்ந்தால் உண்டு!

நமக்கு வெள்ளம் சேரும், அமெரிக்காவில் சேராது, தெரியுமா?

அமெரிக்காவில் வழக்கமான வீட்டுப் பாலிசியில் வெள்ளமும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை! வெள்ளத்துக்கென்றே 1968-இல் அங்கே அரசு தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. நம் பாரத் கிருஹ ரக்ஷாவிலோ இரண்டும் அடிப்படையிலேயே அடங்கிவிடுகின்றன.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உலகில் வீட்டுப் பாலிசிகள் இரண்டு சாதி. ஒன்று, பெயர் சொல்லிய ஆபத்துக்கு மட்டும் பணம் தருவது. மற்றொன்று, விலக்கிய ஆபத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தருவது. அமெரிக்காவில் கட்டடத்துக்குப் பரவலாக இருப்பது இரண்டாம் வகை. நம்முடையது முதல் வகை. ஆகவே நம் பத்திரத்தில் ஓர் ஆபத்தின் பெயர் இல்லையென்றால், அதற்குக் காப்பீடும் இல்லை!

2023 டிசம்பரை மறக்க முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி நான்கு மாவட்டங்களையும் மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! பல ஊர்கள் ஓராண்டில் பார்க்கும் மழை அது. அரசு நிவாரணமாகக் கடும் பாதிப்புக்குள்ளான பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், தென்காசி மாவட்டத்தில் 1,000 ரூபாயும் தந்தது. நிவாரணம் அந்த வாரத்து அடுப்பு எரிய உதவும். விழுந்த சுவரை எழுப்பித் தராது. சுவரை எழுப்ப இன்சூரன்ஸ்தான் வேண்டும்.

மனைக்கு இன்சூரன்ஸ் கிடையாது, தெரியுமா?

"என் வீடு அரைக் கோடி போகும்" என்போம். அந்த அரைக் கோடியில் மனை விலையும் சேர்ந்திருக்கிறது. வெள்ளம் வடிந்தாலும் மண் அங்கேயேதான் இருக்கும்! எனவே பாலிசிக்குக் கணக்கு இப்படி: உள்பரப்பளவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காப்பீட்டுத் தொகை 20 லட்சம்.

இப்போது பாருங்கள் அதிசயத்தை! அந்த 20 லட்சத்தில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் என்று பட்டியல் எழுதித் தரவே வேண்டாம்! உச்சவரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் விவரம் தர வேண்டும். நீண்டகாலப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும். அதற்குக் கூடுதல் பிரீமியமும் கிடையாது!

குறைத்துக் காட்டினாலும் வெட்டு விழாது, தெரியுமா?

பழைய தீக் காப்பீட்டில் ஒரு கண்ணி இருந்தது. 20 லட்சம் மதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் வரும். பாதிக்குப் பாதி! பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தொகையைக் குறைத்து எழுதாதீர்கள். வீடு முழுதும் போனால், எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது.

செப்டிக் டேங்கும் வீடுதான், தெரியுமா?

'வீட்டுக் கட்டடம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்குகிறது பாருங்கள்! காம்பவுண்ட் சுவர், கேட், வராண்டா, கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சாண எரிவாயுக் கலம், மாடியில் பொருத்திய சோலார் தகடு எல்லாமே சேரும். இடிபாட்டை அள்ளிக் கொட்டும் செலவுக்குக் கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை தருகிறார்கள். எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை. வீடு குடியிருக்க முடியாமல் போனால், பழுது பார்க்கும் காலத்துக்கு வேறிடத்தில் இருக்க வாடகையும் உண்டு!

ஏழே நாள்தான் திருட்டுக்கு, தெரியுமா?

பலர் ஏமாறும் இடம் இது! வெறும் வீட்டுக் காப்பீட்டில் சாதாரணத் திருட்டு சேராது. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் மட்டுமே பணம். கதவு இடிந்து கிடந்த வீட்டில் யாரோ புகுந்து டி.வி.யைத் தூக்கிப் போனால் சேரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் சேராது.

அதற்கென்று இருப்பது 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ்' பாலிசி. தீ, கன்னக்களவு, வீட்டு உபகரணப் பழுது, நகை, வேலையாட்களுக்கு நேரும் விபத்து என்று பிரிவு பிரிவாக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்து எடுக்கலாம். வீட்டைப் பூட்டிவிட்டு 30 நாளுக்கு மேல் வெளியூர் போவதாக இருந்தால், கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

தங்க நகை 'சாமான்' இல்லை, தெரியுமா?

அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலி, வெள்ளிக் குத்துவிளக்கு, இவையெல்லாம் தானாகச் சேரும் சாமான் கணக்கில் வராது! விலையுயர்ந்த பொருள் என்று தனியே கேட்டு, மதிப்பைப் பேசி முடித்துச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். பீரோவில் வைத்த ரொக்கம், வீட்டுப் பத்திரம், வாகனம் எல்லாம் இந்தப் பாலிசியில் சேராதவை.

மின்னல் சேரும், ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய மிக்ஸி சேராது, தெரியுமா?

மின்னல் தாக்கிய சேதத்துக்குப் பணம் உண்டு. மின் அழுத்தம் ஏறி ஃபிரிட்ஜ் மட்டும் எரிந்துபோனால் அந்த ஃபிரிட்ஜுக்குக் கிடையாது. ஆனால் அதிலிருந்து தீ பரவி தார்சாவும் அடுக்களையும் எரிந்தால், பரவிய சேதத்துக்கு உண்டு! ஒரே தீ, இரண்டு பதில்!

யானை முட்டினால்?

பழைய தீக் காப்பீட்டில், உங்களுக்குச் சொந்தமில்லாத 'விலங்கு' நேராக மோதிய சேதமும் இருந்தது! புதிய பத்திரத்தில் விலங்கு என்று தனியே எழுதவில்லை. 'வெளியிலிருந்து வந்து மோதும் எந்தப் பொருளும்' என்று பரந்த வாசகம் இருக்கிறது. காட்டோரம் வீடுள்ள சிவகிரி, வாசுதேவநல்லூர் மக்கள், "யானை இடித்தால் சேருமா?" என்று கம்பெனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யானை சாய்த்த தென்னையும் எலுமிச்சையும் வீட்டுப் பாலிசியில் வராது. அதற்கு வனத்துறையிடம்தான் மனுப் போட வேண்டும்.

வீட்டுக்குள் தறி ஓடுகிறதா?

சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கு எழுதியது. தறிக்கும் நூலுக்கும் பாவுக்கும் அது பொறுப்பேற்காது! சிறு தொழிலுக்கென்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருந்தால் எடுக்கலாம். வீட்டில் தொழில் நடப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிளைம் நேரத்தில் தெரியவந்தால் சிக்கல்.

வாடகைக்காரரும் எடுக்கலாம், தெரியுமா?

சுவர் வீட்டுக்காரருடையது, சாமான் உங்களுடையது. சாமானுக்கு மட்டும் பாலிசி எடுக்க முடியும்! வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி, நீங்கள் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கலாம். வீடு இடிந்தால் அது உதவாது! அந்தப் பாலிசியை எடுத்து வைத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

உங்களுக்கே தெரியாமல் ஓர் இன்சூரன்ஸ் இருக்கிறது, தெரியுமா?

சமையல் எரிவாயு இணைப்பு வைத்திருக்கிறீர்களா? எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்த பாலிசி உங்களுக்கும் சேரும்! நீங்கள் பிரீமியம் கட்டவில்லை. பதிவு செய்த முகவரியில் சிலிண்டர் விபத்தால் சொத்து சேதமானால் ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை, உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம். ஐ.எஸ்.ஐ. முத்திரை ரப்பர் குழாய் போட்டிருங்கள். விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

தள்ளுபடி செய்தால் இலவச நீதி உண்டு, தெரியுமா?

கிளைம் மறுக்கப்பட்டதா? சோர்ந்துவிடாதீர்கள்! முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்!

சரி, இன்றே என்ன செய்யலாம்? கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை ஒவ்வோர் அறையையும் படம் பிடியுங்கள். சுவர், கூரை, ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டிய எண், சோலார் தகடு, வாங்கிய பில் எல்லாவற்றையும் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். நாளை சேதத்தை மதிப்பிடச் சர்வேயர் வந்து நிற்கும்போது, இடிந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. சேதம் நேர்ந்தால் அவர் பார்க்கும் முன் இடிபாட்டை அள்ளிவிடாதீர்கள்.

பாலிசி வாங்கும்போது ஏஜென்டிடம் "எதற்கெல்லாம் பணம் வரும்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "எதற்கெல்லாம் வராது?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள். மழை வந்தபிறகு எடுக்கும் பாலிசி, வந்துவிட்ட வெள்ளத்துக்கு உதவாது!