பொங்கல் ஆறாமல் போய்ச் சேர

தில்லியில் பொங்கல் நடுங்கும் குளிரில்தான் வருகிறது. ஒரு வருடம் சங்க விழாவுக்கு 20 பேருக்கு வெண்பொங்கல் கொண்டு போகும் பொறுப்பு எனக்கு வந்தது. காலை 6 மணிக்கே செய்து எவர்சில்வர் அடுக்கில் எடுத்துச் சென்றேன். 11 மணிக்குத் திறந்தால் வெதுவெதுப்பாக, கட்டியாக இருந்தது. பரிமாற மனம் வரவில்லை; கொட்டிவிட்டேன்.

சமைத்த சோறு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். அவற்றில் ஒரு வகை உண்டாக்கும் நச்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது.

இப்போது நான் செய்வது இதுதான். கிளம்பும் நேரத்துக்குத்தான் பொங்கலை இறக்குகிறேன். ஆறினால் இறுகும் என்பதால் தண்ணீர் சற்றுக் கூடுதலாக வைக்கிறேன். ஹாட்கேஸ்களில் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் பொங்கலை விளிம்பு வரை நிரப்புகிறேன். காலி இடம் விட்டால் சீக்கிரம் ஆறும். மேலே செய்தித்தாள், அதற்கு மேல் பழைய ரஜாய். மடிப்புகளில் தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வழியில் திறப்பதே இல்லை. தேங்காய்ச் சட்னியைத் தள்ளி வைக்க வேண்டும். சூடு பட்டால் ஊசிப்போகும்.

போய்ச் சேர்ந்ததும் நடுவில் தொட்டுப் பார்க்கிறேன். கை பொறுக்காத சூடு இருந்தால்தான் பந்திக்குப் போகும். முதல் பந்தியில் உட்காருவது நம் குழந்தைகள் அல்லவா!