இல்வாழ்க்கையும் வரவுசெலவுத் திட்டமும்

அறம், பொருள், இன்பம் என முப்பாலாக நூல் செய்த வள்ளுவர் பொருளை நடுவில் வைத்தார். ஒருபால் அறத்தையும் மறுபால் இன்பத்தையும் தாங்கி நிற்பது பொருளே என்பது அதனாற் பெறப்படும். வலியறிதல் என்னும் அதிகாரத்திலே அப்பெரியார், செல்வம் வந்துசேரும் வழி ஒடுங்கியதாயினும் அது வெளியேறும் வழி பெருகாதவரை குடிக்குத் தீங்கில்லை என்னும் கருத்தை அமைத்துள்ளார். குளமும் வாய்க்காலும் கண்டு வளர்ந்த வன்னி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வயலில் அறிந்ததை வீட்டிலே கைக்கொள்ளுகின்றோமா என்பதே வினா.

கணித ஆசிரியர் எழுதற்குரிய பொருளைத் தமிழாசிரியனாகிய யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி செவ்வாய்தோறும் வாராதிருந்தாள். காரணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பாள். ஒருநாள் அவள் தாயாரே வந்து உண்மையைக் கூறினார். செவ்வாய்க்கிழமை வாரக் கடனுக்குத் தவணைப் பணம் அறவிட வரும் நாள். அன்று தாய் அயல்வீட்டில் மறைந்திருப்பார்; "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லுதற்கு மகள் வாயிலில் நிற்கவேண்டும். வாய்மை என்னும் அதிகாரத்தை அவ்வகுப்புக்கு யான் கற்பித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. வீட்டுக் கணக்குத் தவறினால் பணம் மட்டுமன்று, கல்வியும் அறமும் உடன் தவறும் என்பதை அன்று உணர்ந்தேன்.

குளத்துக் கூட்டம்

இரணைமடுக் குளத்தை நம்பி விதைப்போர் ஒவ்வோராண்டும் சிறுபோகத்தின் முன் கூட்டம் கூடுவர். கமக்காரரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அரச அலுவலரும் ஒருங்கிருந்து, குளத்தில் நிற்கும் நீரை அளந்து, இத்தனை ஏக்கரே விதைக்கலாம் என முடிவு செய்வர். விதைத்தபின் நீர் தேடுவார் அங்கு இலர். குடும்பப் பொருட்டிட்டம் என்பதும் இத்தகையதொரு கூட்டமே. உள்ளது எவ்வளவு, அது எத்துணைக் காலத்துக்குப் போதும், முதலில் எவ்வயலுக்குப் பாயவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் வீட்டார் கூடியிருந்து விடை காணுதலே அது.

மாதச் சம்பளம் பெறுவோர்க்கு மாதக் கணக்குப் போதும். கமக்காரர்க்கு அது பொருந்தாது. காலபோக நெல் மாசி பங்குனியிலும் சிறுபோக நெல் ஆவணி புரட்டாதியிலும் காசாகும். செலவோ பன்னிரு மாதமும் வரும். தையில் பாடசாலைச் செலவு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஐப்பசியில் உழவு கூலியும் பசளையும். ஆதலின் நம் திட்டம் ஆண்டுக் கணக்காக இருத்தல் வேண்டும். அறுவடை மாதத்தில் செல்வராய் வாழ்ந்து விதைப்பு மாதத்தில் கடன்பட்டோராதல் நம்மிடையே பழகிப்போன வழக்கம்.

ஓர் உதாரணம் கொள்வோம். அறுவடைக் கடன்கள் நீங்க ஒரு குடும்பத்தின் கையில் 340,000 ரூபா எஞ்சியதெனின், அடுத்த விதைப்புக்கான 100,000 ரூபாவை முதலிலே புறம்பாக வைப்பிலிடுக. மிகுதி 240,000 ரூபாவை ஆறாகப் பங்கிட்டால் மாதம் 40,000 ரூபா. அக்குடும்பத்தின் உண்மையான மாத வருமானம் அதுவே. நெல் விற்ற நாளில் கண்ட பெருந்தொகை வருமானமன்று.

எதற்காகப் பொருள்?

அடுத்து, செலவை ஒழுங்குபடுத்துமுன் நோக்கத்தை ஒழுங்குபடுத்துதல் வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பிள்ளைகளின் கல்வி முதன்மை, மற்றொன்றுக்குக் காணி, இன்னொன்றுக்கு முதிய பெற்றோரின் மருத்துவம். பிறர் வீட்டுத் திட்டத்தை இரவல் வாங்குதல் பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை அணிதல் போலாம். கணவனும் மனைவியும் தனித்தனியே மும்மூன்று நோக்கங்களை எழுதிப் பின் ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டிலும் ஒத்திருப்பவை முதலிடம் பெறுக. வேறுபட்டவை பற்றிப் பேசித் தீர்க்க. இதனை யானும் என் இல்லத்திலே செய்து பார்த்தேன். யான் எழுதியவற்றுள் முதலாவது மோட்டார் சைக்கிள்; மனைவி எழுதியவற்றுள் முதலாவது கிணறு. கிணறு வென்றது, அதன் நன்மையை வறட்சி வந்தபோது கண்டேன்.

இருவர் கூடித் திட்டமிடுதல் நமக்குப் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை நம் மாகாணத் தமிழர்க்கு இன்றும் உரிய சட்டமாகும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது பகுத்தது. மணவாழ்விலே உழைத்துச் சேர்ப்பது இருவர்க்கும் உரியது என்பதே தேடியதேட்டத்தின் கருத்து. தேட்டம் இருவரதாயின் திட்டமும் இருவரதாதல் முறையன்றோ?

ஒப்புரவுக்கும் ஒரு பங்கு வைத்தல் வேண்டும். கோயிற் கைங்கரியம், உறவினர் சடங்கில் கொடுக்கும் காசு, அயலார் மரணவீட்டுச் செலவு ஆகியவற்றை வீண் என்று ஒதுக்கும் கணக்கு நம் ஊரில் வாழாது. அவை திடீரென வருவதனாலேயே நம்மைக் கடனில் வீழ்த்துகின்றன. ஆண்டுத் தொடக்கத்திலேயே அவற்றுக்கு எல்லை வகுத்துவிட்டால் கொடுப்பவர்க்கும் மனநிறைவு உண்டாம்.

கடனை அளந்தறிதல்

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வெறுங்கையோடு மீண்ட நம் மக்கள் வீடும் தொழிலும் அமைக்கக் கடன் நாடினர். வாயிலில் வந்த நுண்கடன் பலரைத் தாங்கியதும் உண்டு. பலரை வீழ்த்தியதும் உண்டு. 2018இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமை அத்துன்பத்தின் ஆழத்தைக் காட்டும்.

வட்டியின் சூட்சுமத்தை மாணவரும் அறிதல் நன்று. 50,000 ரூபாவை நூற்றுக்கு 24 வட்டியென்று பெற்று, 52 வாரத்தில் 62,000 ரூபாவாகத் திருப்பிக் கொடுப்பதாகக் கொள்க. வாரத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. பார்வைக்கு வட்டி 24. ஆனால் அரையாண்டு கழியும்போது முதலில் ஏறத்தாழப் பாதி மீண்டுவிடுகின்றது. வட்டியோ முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் கணக்கிடப்படுகின்றது. உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 ஆகும்! ஆகவே கையொப்பமிடுமுன் "குறையும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?" என்று கேட்க. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் எடுப்பதில்லை என்பதை வீட்டு விதியாகக் கொள்க.

சேமிப்பின் காவல்

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது, விளைச்சல் வீழ்ந்தது. 2022 சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு புரட்டாதியில் விலைவாசி ஓராண்டினுள் நூற்றுக்கு 70 அளவில் ஏறியிருந்தது. பெட்டியில் வைத்த காசு பெட்டியிலேயே தேய்ந்தது. ஆதலின் விதைநெல் முழுவதையும் ஒரே வயலில் இடாதவாறு போலச் சேமிப்பையும் பகிர்ந்து வைத்தல் வேண்டும். மூன்று மாதச் செலவுக்குரிய தொகை உடன் எடுக்கக்கூடிய வைப்பில் இருக்க. கூட்டுறவுச் சிக்கன கடனுதவிச் சங்கம் உள்ள ஊரில் அதன் அங்கத்துவம் நன்று. சிறிதளவு பொன்னும், பால்மாடும், பயன்தரு தென்னையும் ஏற்ற சேமிப்புக்களே. தனியார் துறையில் வேலைசெய்யும் பழைய மாணவர் தம் ஊழியர் சேமலாப நிதியைக் கவனிக்க. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நூற்றுக்கு 8உம் தொழில்தருநர் 12உம் செலுத்தல் வேண்டும். அது ஒழுங்காகச் செலுத்தப்படுகின்றதா எனக் கேட்டறிதல் உங்கள் உரிமை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஊருக்கு அனுப்பும் பணத்தின் அளவையும் காலத்தையும் முன்னரே தெரிவியுங்கள். எப்போது வரும் என்றறியாத பணத்தைக் கொண்டு எவரும் திட்டமிடல் இயலாது.

நிற்க, அம்மாணவியின் கதை முடியவில்லை. தாயார் மறைந்திருத்தலை விட்டார். பட்ட கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதினார். கொடுத்தவரை நேரிற் கண்டு தவணையைக் குறைக்கும்படி கேட்டார். ஒரு பசுவை விற்று மிகக் கொடிய கடனை முதலில் அடைத்தார். முற்றாக மீள இரண்டு ஆண்டுகள் சென்றன. ஆனால் தாளில் எழுதிய அடுத்த கிழமையே அவர் மகள் செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருந்தாள். கடன் தீருமுன்னரே அச்சம் தீர்ந்தது. எழுதிய கணக்கின் முதற்பயன் அதுவேயாம்.

அன்பர்காள்! இம்மலரை மூடிவைத்தபின் ஒரு கொப்பியை எடுங்கள், வீட்டாரை அழையுங்கள், குளத்தில் நிற்கும் நீரை முதலில் அளவுங்கள்.